காகிதப் பூவில் தொழில் கண்ட பெண்மணி

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்று ஒரு நகரம். 1828-ம் ஆண்டு அங்கே பிறந்தவர் எஸ்தர் ஹௌலண்டு அம்மையார். தகப்பனார் புத்தகமும் காகிதமும் விற்கும் கடை வைத்திருந்தார்.

1847-ல் எஸ்தர் படிப்பை முடித்து வீடு திரும்பினார். அந்தச் சமயம் இங்கிலாந்திலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. ஓரமெல்லாம் பின்னல் போன்ற காகித வேலைப்பாடு. நடுவே வண்ணப் பூக்கள். பிப்ரவரி 14-ந் தேதி காதலர் திருநாளுக்கு அனுப்பும் அட்டை அது. இதை நாமே செய்தால் என்ன என்று எஸ்தருக்குத் தோன்றியது.

தகப்பனார் காகிதங்களைத் தருவித்துக் கொடுத்தார். மாதிரி அட்டைகள் தயாராயின. வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போகும் சகோதரர் அவற்றையும் எடுத்துச் சென்றார். 200 டாலருக்கு ஆர்டர் கிடைத்தால் போதும் என்று எஸ்தர் நினைத்தாராம். கிடைத்ததோ 5,000 டாலருக்கு மேல் என்பார்கள்!

ஒருவரால் முடிகிற வேலையா? தோழிகளை அழைத்தார். வீட்டு மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி பூக்களைக் கத்தரிப்பாள், அடுத்தவள் அடுக்கி வைப்பாள், இன்னொருத்தி ஒட்டுவாள். கைக்குக் கை மாறி அட்டை பூர்த்தியாகும். பின்புறம் சிவப்பு மையில் சிறிய ‘எச்’ முத்திரை விழும். தங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்த பெண்களுக்குச் சாமான்கள் பெட்டியில் போயின. பல பெண்களுக்குச் சொந்தச் சம்பாத்தியம் பிறந்தது.

தொழில் செழித்தது. 1870-ல் கம்பெனிப் பெயரும் வைத்தார். பின்னர் தகப்பனார் நோயில் விழுந்தார். எஸ்தர் தயங்கவில்லை. கம்பெனியை விற்றுவிட்டு அவருக்குப் பணிவிடை செய்யப் போனார். தகப்பனார் துணையால் வளர்ந்த தொழில், தகப்பனாருக்காகவே கைமாறியது.

1904-ல் அம்மையார் காலமானார். எத்தனையோ பேரின் காதலுக்குத் தூது அட்டை செய்தவர், கடைசி வரை மணம் செய்துகொள்ளவில்லை.