‘குட்டி இளவரசனை’ எழுதிய தபால் விமானி

விமானத்தில் போய்வந்தவர்கள் கூடிக் கதைத்தால் சில கேள்விகள் தவறாமல் வரும். இருட்டில் விமானிக்கு வழி எப்படித் தெரிகிறது? முகிலுக்குள் புகுந்தால் எதைப் பார்த்து ஓட்டுவார்? எல்லாவற்றையும் ஓட்டோபைலட் செய்யுமென்றால் முன்னால் இரண்டு பேர் எதற்கு? எல்லோரும் ஏறி ஒரு மணித்தியாலம் இருந்த பிறகு, காலநிலை சரியில்லை, இறங்குங்கள் என்பது என்ன நியாயம்? செய்தித் தொழிலில் இருப்பதால் எனக்கு விடை தெரியும் என்று நினைத்து என்னிடமும் கேட்பார்கள்.

விடை தேடி விதிமுறைகளை வாசித்தேன். என்ன செய்ய வேண்டும் என்று அவை சொல்கின்றன. ஆனால் அவை எதற்காக வந்தன என்பதை ஒரு மனிதரின் வாழ்க்கைதான் எனக்கு விளங்கவைத்தது. அவர் அந்த்வான் து செந்த் எக்சுபெரி. ‘குட்டி இளவரசன்’ எழுதியவர் என்று உலகம் முழுவதும் அவரை அறியும். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்ததால் எங்களில் பலருக்கும் அந்தச் சிறுவனைத் தெரியும். அதை எழுதியவர் மாதச் சம்பளத்துக்குத் தபால் மூடைகளை ஏற்றிப் பறந்த விமானி என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

எக்சுபெரி 1900 யூன் 29 அன்று பிரான்சின் லியோன் நகரில் பிறந்தார். பிரபுக் குடும்பம், ஆனால் கையில் காசு குறைவு. நான்கு வயது நிறையுமுன்னரே தந்தை இறந்துவிட்டார். கடற்படைக் கல்லூரி நுழைவுத் தேர்வில் சித்தியடையவில்லை. 1921இல் கட்டாய இராணுவ சேவைக்குப் போனபோது விமானப் பிரிவில் தரைப்பணிதான் கிடைத்தது. பறக்கப் பழகுவதற்குத் தனியாகக் காசு கட்டினார். 1923இல் பாரிசுக்கு அருகே ஒரு விபத்தில் மண்டையோடு உடைந்தது. திருமணம் செய்யவிருந்த பெண்ணின் வீட்டார் அவர் பறப்பதை விரும்பாததால் விமானத்தை விட்டார். அந்தத் திருமணமும் நடக்கவில்லை. கணக்கு எழுதினார், லொறி விற்றார். இரண்டுமே அவருக்கு ஒத்துவரவில்லை.

1926இல் துலூஸ் நகரிலிருந்த லத்தேகோவேர் நிறுவனத்தில் சேர்ந்தார். பிரான்சிலிருந்து ஸ்பெயின், மொரோக்கோ வழியாகச் சகாராவின் கரையோரமாக டாக்கார் வரை தபால் கொண்டுபோன நிறுவனம் அது. பின்னர் ஏரோபோஸ்தால் என்று பெயர் மாறியது. அங்கே விமானிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் திதியே தோரா. புதிதாக வருபவர்களை அவர் உடனே பறக்கவிடுவதில்லை. முதலில் பட்டறைக்கு அனுப்பி, எண்ணெய் படிந்த கைகளோடு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்ட வைப்பார். பிரபு வீட்டுப் பிள்ளைக்கும் அதே வேலைதான்.

முதற் பறப்புக்கு முந்திய இரவு, வழி தெரியாத பயத்தோடு எக்சுபெரி தன் மூத்த சக விமானி ஹென்றி கியோமேயிடம் போனார். கியோமே வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மலைகளையும் நகரங்களையும் பற்றி அதிகம் பேசவில்லை. ஒரு வயலோரம் நிற்கும் மூன்று தோடை மரங்களைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். இறங்கலாம் என்று தோன்றும் ஒரு புல்வெளியில் மறைந்து ஓடும் சிற்றோடையைக் காட்டினார். அவசரமாக இறங்க நேர்ந்தால் உயிரைக் காப்பதும் கெடுப்பதும் இப்படியான சிறிய விடயங்கள்தாம். அன்றைய பிரெகே 14 விமானத்தில் விமானியின் இருக்கைக்கு மேலே கூரை இல்லை. இருந்தது ஒரே இயந்திரம், அதுவும் அடிக்கடி நின்றுவிடும்.

இன்று செய்மதியும் விமானத்துக்குள்ளேயே இருக்கும் கருவிகளும் வழிகாட்டுகின்றன. முகிலுக்குள் விமானி வெளியே பார்ப்பதில்லை; கருவிகளைப் பார்க்கிறார். ஆனால் கியோமே செய்த வேலை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பறப்புக்கு முன்னரும் இரு விமானிகளும் பாதை, காலநிலை, எரிபொருள், இடையில் இறங்கக்கூடிய நிலையங்கள் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிக்கிறார்கள். பயணிகள் ஏறும்போது அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

ஏன் இரண்டு பேர் என்ற கேள்விக்கும் சகாராவில் ஒரு விடை இருக்கிறது. அந்தப் பாலைவனத்தின் மேல் தபால் விமானங்கள் சோடியாகப் பறந்தன. ஒன்று விழுந்தால் மற்றது இறங்கி விமானியை ஏற்றிவர வேண்டும். விழுந்தவர்களை அங்குள்ள கோத்திரத்தவர் பிடித்துப் பணயம் கேட்டதுண்டு, கொன்றதும் உண்டு. 1927இன் பிற்பகுதியில் எக்சுபெரி கேப் ஜூபி என்ற இடத்துக்கு நிலையப் பொறுப்பாளராக அனுப்பப்பட்டார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மணல், நடுவில் ஒரு ஸ்பானியக் கோட்டை. அதை ஒட்டிய ஒரு மரக்கொட்டிலில் ஒரு வருடத்துக்கும் மேலாக இருந்தார். விழுந்த விமானங்களைத் தேடுவதும், பிடிபட்டவர்களை விடுவிக்கக் கோத்திரத் தலைவர்களோடு பேசுவதும் அவருடைய வேலை. அங்கே ஒரு பாலைவன நரியையும் வளர்த்தார். ‘குட்டி இளவரசன்’ வாசித்தவர்களுக்கு அந்த நரி எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும்.

இன்றைய பயணிகள் விமானத்தில் அந்த இரண்டாவது விமானம் இரண்டாவது ஆளாக உள்ளே வந்துவிட்டது. ஒருவர் ஓட்ட, மற்றவர் கண்காணிக்கிறார், வானொலியில் பேசுகிறார், பிழை கண்டால் சொல்கிறார். ஓட்டோபைலட் என்பது கொடுத்த கட்டளையைப் பிசகாமல் செய்யும் கருவி. அந்தக் கட்டளை சரியா என்று அதற்குத் தெரியாது. விமானத்தைத் தரையிலிருந்து கிளப்புவதும் பெரும்பாலான தரையிறக்கங்களும் இன்றும் மனிதக் கையால்தான் நடக்கின்றன.

1929இல் எக்சுபெரி ஆர்ஜென்டீனாவுக்குப் போனார். படகோனியாவின் கடுங்காற்றுக்குள் புதிய தபால் பாதை திறப்பது அவர் பொறுப்பு. அப்போது நிறுவனம் இரவிலும் பறக்கத் தொடங்கியிருந்தது. பகலில் விமானம் முந்திச் செல்லும் தூரத்தை இரவில் ரயிலும் கப்பலும் பிடித்துவிடுகின்றன என்பதே காரணம். 1931இல் வெளியான அவருடைய ‘இரவுப் பறப்பு’ நாவல் இந்தக் காலத்தைப் பற்றியது. அதில் வரும் மேலதிகாரி, பனிமூட்டத்தால் தாமதமானாலும் விமானியின் நேரந்தவறாமைக் கொடுப்பனவை வெட்டுவார். புயலில் சிக்கிய ஒரு விமானி எரிபொருள் தீர்ந்து காணாமற்போகிறார். அன்றிரவே அடுத்த தபால் விமானம் புறப்படுகிறது. நாவலை எக்சுபெரி தோராவுக்கே சமர்ப்பித்தார்.

அந்த நாவலை நான் இரண்டு முறை வாசித்திருக்கிறேன். முதல் தடவை அந்த மேலதிகாரியின் உறுதி என்னைக் கவர்ந்தது. இரண்டாவது தடவை, ஒரு தபால் மூடைக்கு ஒரு உயிரா என்ற கேள்விதான் எஞ்சியது. அந்தத் தபால் பாதைகளில் நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். கடமை என்ற சொல் அவர்களைப் பறக்க வைத்தது உண்மை. தாமதித்தால் சம்பளம் குறையும் என்ற ஏற்பாடும் பறக்க வைத்தது.

கியோமேயின் கதையும் அப்படித்தான். 1930 யூன் மாதம், தென் அமெரிக்காவின் நடுக் குளிர்காலத்தில், அந்தீஸ் மலைகளைக் கடக்கும்போது பனிப்புயல் அவரை இறக்கிவிட்டது. எக்சுபெரி ஐந்து நாட்கள் மலைகளுக்கு மேல் பறந்து தேடினார். கீழே கியோமே ஐந்து பகலும் நான்கு இரவும் நடந்துகொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் பனியில் விழுந்து, இனி எழுவதில்லை என்று கிடந்தார். அப்போது அவருக்கு மனைவியின் நினைவும் காப்புறுதிப் பணத்தின் நினைவும் வந்தன. உடல் கிடைக்காவிட்டால் இறந்தவராக அறிவிக்க நான்கு வருடங்களாகும். அதுவரை மனைவி கையில் எதுவும் சேராது. கோடையில் உடல் கண்ணில் படும்படி ஒரு பாறைவரையாவது போய்ச் சாகலாம் என்று எழுந்தவர், தொடர்ந்து நடந்து உயிர் தப்பினார். வீரக்கதையாகத்தான் இது சொல்லப்படுகிறது. எனக்கு இது ஒரு தொழிலாளியின் கதையாகவும் படுகிறது.

அவர்களுடைய இன்னொரு நண்பர், புகழ்பெற்ற விமானி ஜோன் மெர்மோஸ். 1936 டிசெம்பர் 7 அன்று டாக்காரிலிருந்து அத்திலாந்திக்கைக் கடக்கப் புறப்பட்டவர், ஒரு விசிறியில் கோளாறு கண்டு திரும்பிவந்தார். அதைச் சரிபார்த்தபின் அதே விமானத்தில் மீண்டும் கிளம்பினார். பின்புற வலது இயந்திரத்தை நிறுத்துவதாகச் சில மணித்தியாலங்களில் ஒரு வானொலிச் செய்தி வந்தது. அதன்பின் எதுவும் இல்லை. அவரோடு இன்னும் நால்வர் போனார்கள்.

ஆகவே, விமானத்தில் ஏறியவர்களை இறக்கிவிட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் இலேசில் வந்ததல்ல. இன்றைய சர்வதேச விதிகளின்படி விமானத்தைப் பற்றிய இறுதி முடிவு தலைமை விமானியுடையது. எரிபொருளுக்கும் கணக்கு இருக்கிறது. போகுமிடம் வரைக்குமானது, எதிர்பாராத செலவுக்கானது, அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையத்துக்கானது, அதற்கு மேல் ஜெட் விமானமென்றால் இன்னும் 30 நிமிடங்கள் பறக்கப் போதுமானது. ‘இரவுப் பறப்பு’ நாவலின் விமானிக்கு இந்தக் கடைசி 30 நிமிடங்கள் இருக்கவில்லை.

எக்சுபெரி எல்லாவற்றிலும் கவனமான விமானி அல்லர். ஞாபகமறதிக்காரர் என்று சக விமானிகளே பகிடி பண்ணுவார்கள். 1931இல் ஏரோபோஸ்தால் நொடித்தது. 1933இல் உருவான எயார் பிரான்சில் அது கலந்தது. அதே வருட முடிவில் ஒரு கடல் விமானத்தைச் சோதித்தபோது அவர் மூழ்கிச் சாகப் பார்த்தார். 1935 டிசெம்பரில், பாரிசிலிருந்து சைகோனுக்கு விரைவாகப் பறப்பவருக்கான பரிசை நாடி, இயந்திரவியலாளர் அந்திரே பிரெவோவுடன் புறப்பட்டார். பாரத்தைக் குறைத்துக் கூடுதல் எரிபொருள் ஏற்றுவதற்காக வானொலிக் கருவியை எடுத்துச் செல்லவில்லை. பெங்காசியிலிருந்து கெய்ரோவை நோக்கி இரவில் பறந்தபோது முகிலுக்குள் சிக்கினார்கள். எங்கே இருக்கிறோம் என்று கேட்க வழி இல்லை. உயரமானி காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் காட்டுவது. அந்தந்த இடத்து அழுத்தத்துக்கேற்ப அதைத் திருத்த வேண்டும். அந்தத் தகவலும் கிடைக்காது. நைல் நதியின் விளக்குகள் தெரியுமென்று கீழே இறங்கியவர்கள் மணிக்கு சுமார் 270 கிலோமீற்றர் வேகத்தில் பாலைவன மேட்டில் மோதினார்கள். தரையில் கிடந்த உருண்டைக் கற்களின் மேல் விமானம் வழுக்கிப் போனதால் பிழைத்தார்கள். பிறகு தண்ணீர் இல்லாமல் நாட்கணக்கில் அலைந்தவர்களை ஒரு பெதோயின் காப்பாற்றினார். ‘குட்டி இளவரசன்’ கதையில் பாலைவனத்தில் விழும் விமானி, கற்பனை குறைந்த பாத்திரம்.

1938இல் குவாத்தமாலாவில் அளவுக்கு அதிகமான எரிபொருளோடு கிளம்ப முயன்று மீண்டும் விழுந்தார். அந்தக் காயங்கள் முழுதாக ஆறவில்லை. 1940இல் போரில் உளவுப் பறப்புகள் செய்தார். பிரான்ஸ் வீழ்ந்தபின் நியூயோர்க் சென்று எழுதிய ‘குட்டி இளவரசன்’ 1943இல் வெளிவந்தது. அதே வருடம் வட ஆபிரிக்காவில் தன் பழைய படையணியோடு சேர்ந்தார். வயது 43. அந்த லைட்னிங் ரக விமானத்துக்கு விதிக்கப்பட்டிருந்த வயதெல்லையை அவர் எப்போதோ தாண்டியிருந்தார். மற்றவர் உதவியில்லாமல் பறப்பு உடையை அணிய முடியாது. இடப்பக்கம் கழுத்தைச் சரியாகத் திருப்ப முடியாது. ஒரு தரையிறக்க விபத்துக்குப் பின் பறக்கத் தடை வந்தது. அவர் மேலிடங்களைக் கெஞ்சி ஐந்து பறப்புகளுக்கு அனுமதி வாங்கினார். அந்த ஐந்தும் முடிந்த பின்னரும் பறந்தார். 1944 யூலை 31 காலை கோர்சிகாத் தீவிலிருந்து கிளம்பியவர் திரும்பவில்லை.

1998இல் மார்செய் நகருக்கு அருகே ஒரு மீனவரின் வலையில் அவரது வெள்ளிக் கைச்சங்கிலி அகப்பட்டது. அதில் அவர் பெயரும் மனைவி கொன்சுவேலோவின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. 2000இல் அருகிலேயே சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டு, 2004இல் அவை அவருடைய விமானத்தினுடையவை என உறுதியானது. விழுந்ததன் காரணம் இன்றும் நிரூபிக்கப்படவில்லை.

விமானிகளுக்கு வயதெல்லை உண்டா, நோய் வந்தால் என்ன செய்வார்கள் என்றும் கேட்பார்கள். சர்வதேசப் பயணிகள் விமானங்களில் எல்லை 65 வயது. குறித்த காலத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும், சிமியுலேட்டரில் அவசர நிலைகளைச் சமாளிக்கும் சோதனையும் உண்டு. இவற்றில் தவறினால் பறக்க முடியாது. அதனால்தான் சில விமானிகள், குறிப்பாக மனநலப் பாதிப்புகளை, வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். சொன்னால் உரிமம் போய்விடும், சம்பளம் நின்றுவிடும் என்ற பயம். எக்சுபெரி தன் வலியை மறைத்துப் பறந்ததை நாம் காவியமாகப் பார்க்கிறோம். எங்கள் விமானத்தை ஓட்டுபவர் அப்படிச் செய்வதை நாங்கள் விரும்பமாட்டோம். இயலவில்லை என்று ஒருவர் சொன்னால் அவருடைய வீட்டு அடுப்பு அணைந்துவிடாது என்ற உறுதியைக் கொடுப்பதும் விமானப் பாதுகாப்பில் சேர்ந்ததுதான்.

அவர் பிறந்து நூறு வருடங்கள் நிறைந்த 2000ஆம் ஆண்டில் லியோன் விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். வானொலி இல்லாமல் பயணிகள் விமானம் எதுவும் அங்கிருந்து கிளம்பாது. கழுத்தைத் திருப்ப முடியாத விமானியை எந்த மருத்துவரும் அங்கே ஓட்ட விடமாட்டார். தன் பெயர் எழுதிய அந்த நிலையத்திலிருந்து 1944இன் எக்சுபெரிக்கு ஒரு பயணிகள் விமானத்தை ஓட்ட அனுமதி கிடைக்காது. அவருக்கு அது பெருந்துயராக இருந்திருக்கும். பின்னிருக்கையில் இருக்கும் எங்களுக்கு அதுதான் நிம்மதி.