மனச்சான்றின் வழி நின்ற கேரி

உலகத்தாரோடு ஒத்து ஒழுகுவோர் பலர். தம் உள்ளம் உண்மையெனக் கண்டதன்வழி நிற்போர் சிலரே. அச்சிலருள் ஒருவர் வில்லியம் கேரி.

இவர் 1761ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள், இங்கிலாந்து நாட்டில் பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில் நெசவாளர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். தந்தையார் பின்னர் ஊர்ப்பள்ளி ஆசிரியராகவும், அரசின் ஆதரவு பெற்ற இங்கிலாந்துத் திருச்சபையின் எழுத்தராகவும் பணிபுரிந்தார்.

இளமையிற் செருப்புத் தைக்கும் தொழில் பயின்ற கேரி, உடன்பயின்ற இளைஞர் ஒருவரோடு சமயங் குறித்து அடிக்கடி வாதிட்டார். அவ்வாதமே அவர் உள்ளத்தை மாற்றியது. தந்தையார் பணியாற்றிய சபையை விட்டு நீங்கி, 1783ஆம் ஆண்டில் நீன் ஆற்றில் திருமுழுக்குப் பெற்றுப் பாப்திஸ்து சபையைச் சார்ந்தார். அறிவறிந்த பருவத்தில் ஒருவர் தாமே விரும்பித் திருமுழுக்குப் பெறுதலே முறை என்பது அச்சபையின் கொள்கை. அரசுச் சபையைச் சாராதார்க்கு அந்நாளில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜு பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் கிட்டா. அரசுப் பதவிகட்கும் தடையுண்டு. கேரி அவற்றைப் பொருட்படுத்தவில்லை. செருப்புத் தைத்தும் பள்ளி நடத்தியும் வறுமையோடு போராடியவாறே சமயவுரை ஆற்றினார். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளையும் முயன்று கற்றார்.

1793ஆம் ஆண்டில் அவர் வங்கம் வந்து சேர்ந்தார். ஆங்கிலக் கும்பினியார் சமயப் பணியாளரை விரும்பாமையால், 1800ஆம் ஆண்டில் செராம்பூரிற் குடியேறினார். நம் தரங்கம்பாடியைப் போன்று அவ்வூரும் அன்று டேனியர் ஆட்சியில் இருந்தது. ஆங்கு நண்பர்களோடு அச்சகம் நிறுவி, மறுவாண்டே விவிலியத்தின் புதிய ஏற்பாட்டை வங்கமொழியில் வெளியிட்டார். 1812ஆம் ஆண்டில் அச்சகம் தீப்பற்றிற்று. பல்லாண்டு உழைத்து எழுதிய கையெழுத்துப் படிகள் பல சாம்பலாயின. கேரி கலங்கி அமர்ந்துவிடவில்லை. இழந்தவற்றை மீண்டும் எழுதத் தொடங்கினார்.

கணவன் இறந்தால் மனைவியை உடன் எரிக்கும் கொடுமையைக் கண்டு அவர் நெடுங்காலம் வருந்தினார். 1829ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெண்டிங்குப் பெருமகனார் அவ்வழக்கத்தைத் தடைசெய்தார். அவ்வாணையை வங்கமொழியில் பெயர்க்கும் பொறுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று கேரியிடம் வந்தது. அது சமயவுரை ஆற்றும் நாள். எனினும், காலந் தாழ்த்தினால் உயிர்கள் மாயும் என்று எண்ணிய அவர், உரையாற்றும் பணியைப் பிறரிடம் ஒப்புவித்து, அன்று மாலைக்குள் மொழிபெயர்ப்பை முடித்தார்.

தாய்நாடு திரும்பாமலே 40 ஆண்டுகட்கு மேல் உழைத்த கேரி, 1834ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 9ஆம் நாள் செராம்பூரில் மறைந்தார். இளமையில் மனச்சான்றின்பொருட்டுத் தந்தையார் சபையை நீங்கினார். முதுமையில் பிறருயிர் காக்கும்பொருட்டுத் தம் உரைமேடையையும் ஒருநாள் துறந்தார். கொள்கையிற் பற்றும் உயிர்களிடத்து அருளும் ஒருங்கே அமைந்த வாழ்வே பெருவாழ்வு என்பதை அவர் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.