அலைகள் அறிவித்த வேகம்

நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிற்கும் காவலர் ஒருவர், தொலைவில் வரும் மகிழுந்தை நோக்கிச் சிறிய கருவி ஒன்றைப் பிடிக்கிறார். நொடிப்பொழுதில் அவ்வண்டியின் வேகம் கருவியின் திரையில் எண்ணாகத் தோன்றுகிறது. ஓடும் வண்டியைத் தொடாமலும் துரத்தாமலும் அதன் வேகத்தை அறிய வழிசெய்த விதியைக் கண்டறிந்தவர், மோட்டார் வண்டிகள் தோன்றுவதற்கு முன்பே மறைந்துவிட்ட ஓர் அறிஞர். அவர் கிறிஸ்டியன் டாப்ளர்.

கல்தச்சர் குடியில் பிறந்தவர்

இன்றைய ஆஸ்திரியா நாட்டில் உள்ள சால்ஸ்பர்க் நகரில், 1803ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் டாப்ளர் பிறந்தார். அவருடைய முன்னோர் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்தச்சுத் தொழில் செய்து செழித்தவர்கள். தந்தைக்குப் பின் மகனும் உளி பிடிப்பதே அக்குடும்பத்தின் வழக்கம். ஆனால், டாப்ளரின் உடல் கல்லுடைக்கும் உழைப்பைத் தாங்குமளவு வலிமை பெற்றிருக்கவில்லை. அவருடைய கணிதத் திறமையை உணர்ந்த சால்ஸ்பர்க் கணிதப் பேராசிரியர் சைமன் ஸ்டாம்ஃபர், மேற்படிப்புக்கு வழிகாட்டினார். 1822ஆம் ஆண்டு டாப்ளர் வியன்னாவின் பல்தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் சேர்ந்தார்.

கல்வி கைகூடியது; வேலை எளிதில் கைகூடவில்லை. 1829 முதல் நான்கு ஆண்டுகள் கணிதப் பேராசிரியர் ஒருவருக்கு உதவியாளராகப் பணியாற்றினார். அப்பணி முடிந்தபின் நிலையான ஆசிரியப் பணி எதுவும் கிடைக்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய அவர், பஞ்சாலை ஒன்றில் பதினெட்டு மாதங்கள் கணக்கெழுதிப் பிழைத்தார். 1835ஆம் ஆண்டில், இனி அமெரிக்கா செல்வதே வழி என்று முடிவு செய்து, தம் உடைமைகளையும் விற்றுவிட்டார். அந்நிலையில்தான் பிராக் நகரின் தொழில்நுட்ப மேனிலைப் பள்ளியிலிருந்து ஆசிரியப் பணிக்கான அழைப்பு வந்தது. கடல் கடக்கும் எண்ணத்தைக் கைவிட்டு அவர் பிராக் சென்றார்.

பிராக் நகரில் பிறந்த விதி

1841இல் டாப்ளர் அந்நகரின் பல்தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் பேராசிரியரானார். நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குத் தேர்வு நடத்தும் சுமை அவரை அழுத்தியது. தேர்வில் அவர் மிகவும் கடுமை காட்டுகிறார் என்ற முறையீடுகளும் எழுந்தன. உடல்நலமோ நாளுக்கு நாள் குன்றிவந்தது. இத்தனைக்கும் இடையே அவருடைய சிந்தனை விண்மீன்களிடம் சென்றது.

1842ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், பிராக் நகரின் அறிவியல் கழகத்தில் இரட்டை விண்மீன்களின் வண்ண ஒளி பற்றிய கட்டுரை ஒன்றை டாப்ளர் படித்தார். அதைக் கேட்க வந்தவர்கள் மிகச் சிலரே. அலைகளை எதிர்த்துச் செல்லும் கப்பலைத் தம் கருத்துக்கு அவர் எடுத்துக்காட்டாக்கினார். அசையாமல் நிற்கும் கப்பலைவிட, அலைகளை எதிர்த்துச் செல்லும் கப்பலை ஒரு நிமிடத்தில் அதிக அலைகள் மோதும். அலைகள் செல்லும் திசையிலேயே செல்லும் கப்பலைக் குறைவான அலைகளே மோதும். ஒலிக்கும் ஒளிக்கும் இதுவே பொருந்தும் என்றார் டாப்ளர். அலையை எழுப்பும் பொருள் நெருங்கி வந்தால் அதிர்வெண் கூடும். விலகிச் சென்றால் அதிர்வெண் குறையும். நம்மை நோக்கி விரையும் தொடர்வண்டியின் ஊதல் கூர்மையாக ஒலிப்பதும், கடந்து சென்றவுடன் தணிந்து ஒலிப்பதும் இதனால்தான்.

விதி சரி, எடுத்துக்காட்டு தவறு

எனினும், தம் விதியை டாப்ளர் பொருத்திக்காட்டிய இடம் பிழையானது. விண்மீன்கள் எல்லாம் இயல்பில் வெண்மை நிறத்தவை என்றும், அவற்றின் இயக்கமே அவற்றுக்கு நீலம், சிவப்பு முதலிய நிறங்களைத் தருகிறது என்றும் அவர் எண்ணினார். விண்மீனின் நிறத்தை முதன்மையாக முடிவு செய்வது அதன் மேற்பரப்பின் வெப்பநிலை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இயக்கத்தால் ஏற்படும் மாற்றம் மிக நுண்ணியது, வெறுங்கண்ணுக்குப் புலப்படாதது.

விதியைச் சோதிக்க முன்வந்தவர் டச்சு அறிஞர் பைஸ் பாலட். நிறம் பற்றிய டாப்ளரின் கருத்தை அவர் ஏற்கவில்லை. ஆயினும், ஒலியைக் கொண்டு விதியைச் சோதித்துவிடலாம் என்று துணிந்தார். 1845ஆம் ஆண்டு உட்ரெக்ட் நகருக்கு அருகே, தொடர்வண்டியில் கொம்பிசைக் கலைஞர்களை ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் செய்தார். இசைப்பயிற்சி மிக்க செவியினர் இருப்புப்பாதையின் ஓரத்தில் நின்று, வண்டி நெருங்கும்போதும் விலகும்போதும் சுரம் எவ்வளவு மாறுகிறது என்று குறித்துக்கொண்டனர். பிப்ரவரியில் தொடங்கிய முயற்சி பனிப்பொழிவால் தடைப்பட்டது. ஜூனில் மீண்டும் நடைபெற்றது. கணக்கும் செவியும் ஒத்துப்போயின. டாப்ளரின் விதி உண்மை என்று, அவரை ஐயுற்றவராலேயே நிறுவப்பட்டது.

இறுதி ஆண்டுகள்

1847இல் டாப்ளர் பிராக்கை விட்டு, இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள சுரங்கக் கல்விக்கூடம் ஒன்றில் பணியேற்றார். மறு ஆண்டே மூண்ட அரசியல் கிளர்ச்சிகள் அவரை அங்கும் நிலைக்கவிடவில்லை. 1850இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் நிறுவனத்துக்கு முதல் இயக்குநரானார். பிற்காலத்தில் மரபியலின் தந்தை எனப் புகழ்பெற்ற கிரிகோர் மெண்டல் அங்கே அவரிடம் பாடம் கேட்டவர்.

1852இல் வியன்னாவின் கணித அறிஞர் பெட்சுவல், டாப்ளரின் விதியைக் கடுமையாக மறுத்துரைத்தார். நோயுற்றிருந்த டாப்ளர் தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில், இதமான காற்றை நாடி வெனிஸ் நகருக்குச் சென்றார். ஆனால், நோய் நீங்கவில்லை. 1853ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், தம் 49ஆம் வயதில் அங்கே காலமானார்.

சாலைக்கு வந்த விதி

இரண்டாம் உலகப் போரில் வானூர்திகளைக் கண்டறிய ரேடார் பெரிதும் பயன்பட்டது. போருக்குப் பின் அது சாலைக்கு வந்தது. 1947இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள கிளாஸ்டன்பரியில், வண்டிகளின் வேகத்தை அளக்கக் காவல்துறை ரேடாரைப் பயன்படுத்தியது.

ரேடார் கருவி நுண்ணலைகளை வண்டியின்மேல் செலுத்துகிறது. வண்டியில் பட்டுத் திரும்பும் அலைகளின் அதிர்வெண், அனுப்பியதைவிடச் சற்று மாறியிருக்கும். ஒரு வகைக் கருவி நொடிக்கு 2,415 கோடி அதிர்வுகள் கொண்ட அலைகளை அனுப்புகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் வண்டியில் பட்டுத் திரும்பும்போது, ஏறத்தாழ 2,680 அதிர்வுகள் மட்டுமே கூடுகின்றன. தொண்ணூறு இலட்சத்தில் ஒரு பங்கான அந்த மாற்றத்தைக் கொண்டே கருவி வேகத்தைக் கணக்கிடுகிறது.

வேகம் இரு மடங்கானால், தடை போட்டபின் வண்டி நிற்க வேண்டிய தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. சாலையைக் கடக்கும் சிறுவனின் உயிர் அந்தத் தொலைவில்தான் இருக்கிறது. ஆகவேதான் இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988 வேக வரம்பை மீறுவோர்க்குத் தண்டம் விதிக்கிறது. சாலைகளை மின்னணுக் கருவிகளால் கண்காணிப்பதற்கான பிரிவு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது.

அளவுகோலையும் அளக்க வேண்டும்

தண்டனைக்குச் சான்றாகும் கருவி பிழைபடலாகாது. வண்டி வரும் திசைக்குச் சாய்வாகக் கருவியைப் பிடித்தால், அது உண்மை வேகத்தைவிடக் குறைத்தே காட்டும். 20 பாகைச் சாய்வில், 80 கிலோமீட்டர் வேகம் 75 என்று தோன்றும். பல வண்டிகள் நெருங்கி வரும்போது, எந்த வண்டியின் வேகம் திரையில் தோன்றுகிறது என்பதைக் காவலர் தெளிந்துகொள்ள வேண்டும்.

கருவியைச் சோதிக்க இசைக்கவையும் பயன்படுகிறது. மேற்கூறிய கருவியின் முன், நொடிக்கு ஏறத்தாழ 2,680 முறை அதிரும் இசைக்கவையைத் தட்டிக் காட்டினால், திரையில் 60 என்ற எண் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் கருவி பழுதுடையது. கடைத்தராசைப் போலவே வேகம் அளக்கும் ரேடாரும் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும் என்ற விதிகளை இந்திய அரசு 2025இல் அறிவித்தது.

டாப்ளரின் கருத்து நிலைத்தது, அவர் பெரிய அறிஞர் என்பதற்காக அன்று, சோதனையில் தேறியதற்காகவே. விண்மீன்களின் இயக்கம், குருதி நாளங்களில் ஓடும் குருதியின் வேகம், மழைமேகங்களின் நகர்வு ஆகியவற்றையும் இன்று அவ்விதியே அறிவிக்கிறது. உரத்துச் சொல்வதனால் ஒரு கூற்று மெய்யாகிவிடாது. மறுப்பவரின் சோதனையையும் தாங்கி நிற்பதே மெய். கல்தச்சர் குடியில் பிறந்த அவ்வறிஞரின் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.

பயிற்சி

அ. சொற்பொருள் அறிக
அதிர்வெண் – ஒரு நொடியில் ஏற்படும் அதிர்வுகளின் எண்ணிக்கை
இசைக்கவை – தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் கவை வடிவ உலோகக் கருவி
தண்டம் – குற்றத்துக்குச் செலுத்தும் பணம்
குருதி – இரத்தம்

ஆ. பிரித்து எழுதுக
1. நெடுஞ்சாலை
2. பேராசிரியர்
3. வெண்மேகம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக
1. டாப்ளர் குடும்பத் தொழிலை ஏன் மேற்கொள்ளவில்லை?
2. விண்மீன்களின் நிறம் பற்றி டாப்ளர் கொண்டிருந்த கருத்து யாது? அது எவ்வாறு பிழையாயிற்று?
3. சாய்வாகப் பிடித்த ரேடார் கருவி வேகத்தை எவ்வாறு காட்டும்?

ஈ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக
1. பைஸ் பாலட் நடத்திய சோதனையை விவரிக்க.
2. வேகத்தை அளக்கும் கருவியையும் சோதிக்க வேண்டியது ஏன்? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.