சார்பு கண்ட ஒயிலர்

எண்ணைக் கண்ணெனப் போற்றுதல் நம்மவர் மரபு. முகத்துக் கண்ணின் ஒளி குன்றிய பின்னரும், எண்ணாகிய கண்கொண்டு உலகை அளந்த பேரறிஞர் லெயோனாட் ஒயிலர்.

இவர் 1707 ஆம் ஆண்டு ஏப்பிரல் 15 ஆம் நாள், சுவிற்சலாந்தின் பாசெல் நகரிற் கிறித்தவப் போதகர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். தந்தையார் மகனையுஞ் சமயப் பணிக்கே ஆக்க விரும்பினார். ஆயின், சனிக்கிழமைதோறும் இவர்தம் ஐயங்களைத் தீர்த்துவந்த கணிதப் பேராசிரியர் யோகான் பேர்ணூலி, மாணவரின் ஆற்றலை உணர்ந்து தந்தையாரை இணங்குவித்தார். 1727 இல் ஒயிலர் உருசிய நாட்டுப் பீற்றர்ஸ்பேர்க்கிலுள்ள அறிவியற் கழகத்தை அடைந்தார். 1741 இற் பேர்லின் சென்றார்.

கணிதத்திற் சார்பு என வழங்குவது யாது? தொடர்புகள் யாவுஞ் சார்புகள் ஆகா. சேய் ஒவ்வொன்றுக்கும் ஈன்ற தாய் ஒருத்தியே. ஆதலின் சேயிலிருந்து தாயை நோக்குந் தொடர்பு சார்பாகும். ஒரு தாய்க்கு மக்கள் பலர் இருத்தல் கூடும். ஆதலின் தாயிலிருந்து சேயை நோக்குந் தொடர்பு சார்பாகாது. கொடுத்தது ஒன்றாயின் பெறுவதும் ஒன்றேயாதல் வேண்டும் என்பதே விதி.

எஃப் என்னும் எழுத்தாலும் அடைப்புக் குறியாலுஞ் சார்பினைக் குறிக்கும் முறை, 1734 இல் ஒயிலர் வரைந்த கட்டுரையிற் காணப்படுகின்றது. 1748 இல் வெளிவந்த பெருநூலில், மாறியும் மாறிலிகளுங் கொண்டமைந்த வாய்பாடே சார்பு என இவர் வரையறுத்தார். அவ்வரையறை நெடிது நிலைக்கவில்லை. மீட்டிய நரம்பின் அதிர்வை ஆராயுங்கால், அதன் தொடக்க வடிவம் ஒரே வாய்பாட்டில் அடங்காமையும் உண்டெனக் கண்டார். வாய்பாட்டில் அடங்காதவற்றை ஏற்கலாகாதென்றார் பிரெஞ்சு அறிஞர் தலம்பேர். கையால் வரைந்த கோடும் ஏற்கத்தக்கதே என்பது ஒயிலரின் துணிபு. 1755 இல் வந்த நூலில், ஒன்றன் மாற்றத்தைப் பற்றி மற்றொன்று மாறுதலே சார்பென விரித்துரைத்தார். அவ்விரிவை 1837 இல் யேர்மானியரான டிரிக்கிலே மேலுந் தெளிவாக்கினார்.

1766 இற் பீற்றர்ஸ்பேர்க் மீண்ட ஒயிலர், சில ஆண்டுகளிற் பார்வையை ஏறக்குறைய முற்றும் இழந்தார். எனினும் மனத்தாற் கணித்துப் பிறரைக்கொண்டு எழுதுவித்தார். இவர்தம் ஆக்கங்களுட் பல அக்காலத்தனவே. 1783 ஆம் ஆண்டு செத்தெம்பர் 18 ஆம் நாள் உயிர்நீத்தார். அன்றும் புதிதாய்க் கண்ட யுரேனசுக் கோளின் செலவு பற்றி உரையாடியிருந்தார்.

தாம் வகுத்த இலக்கணத்தையே உண்மையின் பொருட்டு விரித்தமைத்த அவர் பெருமை, கற்பாரும் கற்பிப்பாரும் உளங்கொள்ளத் தக்கது.