அவிலா நகரின் புனித தெரேசம்மாள்

ஸ்பெயின் நாட்டின் நடுப்பகுதியில், உயர்ந்த கல் மதில் சூழ்ந்த அவிலா என்னும் பழைய நகரம் இருக்கிறது. அங்கே 1515-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் தெரேசம்மாள் பிறந்தார். தந்தை அலோன்சோ ஞான நூல்களை விரும்பிப் படிப்பவர். தாய் பெயாத்ரிசுக்கோ குதிரை வீரர்களின் சாகசக் கதைகள் என்றால் உயிர். தாயும் மகளும் அவற்றைத் தந்தைக்குத் தெரியாமல் ஒளித்து வைத்துப் படிப்பார்களாம்! வேதசாட்சிகளின் சரித்திரத்தையும் சிறுமி தெரேசா படித்தாள். படித்ததோடு நிற்கவில்லை. மூர்களின் நாட்டுக்குப் போய்க் கிறிஸ்துவுக்காகத் தலையைக் கொடுப்போம் என்று சகோதரன் ரொட்ரிகோவையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். நகர மதிலைத் தாண்டியதும் உறவினர் ஒருவர் கண்டு, இருவரையும் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

தாயை இளமையிலேயே இழந்த தெரேசா, கூந்தல், கைகளின் அழகு, வாசனைத் தைலம் இவற்றிலேயே கருத்தாக இருப்பதைக் கண்ட தந்தை, 1531-இல் அவரை அகுஸ்தீன் சபைக் கன்னியரின் மடத்தில் தங்கிப் படிக்கச் சேர்த்தார். (போர்டிங் தோழிகள் கவனிக்க!) முதலில் சில நாட்கள் அவருக்கு அங்கே இருப்பே கொள்ளவில்லை. பிறகு அங்கிருந்த ஒரு கன்னிகையின் நற்பேச்சு அவர் மனத்தை மாற்றியது. 1535-இல் அவிலாவில் இருந்த கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார்.

அங்கே கொடிய நோய் கண்டது. நாட்டு வைத்தியம் செய்த ஒருத்தியின் கடும் மருந்துகள் நோயை இன்னும் பெருக்கின. 1539 ஆகஸ்டில் ஏறக்குறைய நான்கு நாட்கள் நினைவின்றிக் கிடந்தார். இறந்துவிட்டார் என்றே எண்ணி மடத்தில் கல்லறைக் குழி தோண்டிவிட்டார்கள். ஆனால் அவர் கண் விழித்தார். எழுந்து நடக்க மூன்று ஆண்டுகள் ஆயின. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழத் தொடங்கிய அன்றே அவர் கடவுளுக்கு நன்றி செலுத்தினார்.

அதன்பின் உடனே பெரிய புனிதையாகிவிட்டார் என்று எண்ண வேண்டாம். பல ஆண்டுகள் செபத்தில் மனம் ஒட்டவில்லை. செப நேரம் முடியும் மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1554-இல் காயப்பட்ட கிறிஸ்துவின் சுரூபம் ஒன்றின் முன்னே கண்ணீர் விட்டு அழுதார். புனித அகுஸ்தீனாரின் பாவ அறிக்கை நூலையும் அந்த நாட்களில்தான் படித்தார். அப்போது அவருக்கு 39 வயது.

1559-இல் ஒரு பேரிடி விழுந்தது. அக்காலத்து ஸ்பெயினில் மத விசாரணை மன்றம் என்ற அதிகாரம் மிக்க ஒரு மன்றம் இருந்தது. அதன் தலைவர் வால்தேஸ், படிக்கக் கூடாத நூல்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். ஸ்பானிய மொழியில் இருந்த ஞான நூல்கள் பல அதில் அடங்கின. லத்தீன் கற்றவர்களுக்குக் கவலை இல்லை. பெண்களுக்கு லத்தீன் கற்பிப்பவர் யார்? தெரேசம்மாளின் கையில் இருந்த நூல்களும் போயின. அவர் மிகவும் வருந்தினார். ஆனால் சில ஆண்டுகளுக்குள், படிக்க நூல் இல்லாமல் நின்ற அதே பெண், தம் சகோதரிகள் படிக்கத் தாமே நூல் எழுதத் தொடங்கினார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆன்ம குருக்கள் கேட்டதற்கிணங்கத் தம் வாழ்க்கையை எழுதினார். அதில் செபத்தைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதோடு ஒப்பிடுகிறார். முதல் நிலையில் கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைக்க வேண்டும். கை வலிக்கும், சில நாள் கிணறே வற்றியிருக்கும். இரண்டாம் நிலையில் நீர்ச்சக்கரம் சுற்றுகிறது. உழைப்பு குறைவு, தண்ணீர் அதிகம். மூன்றாவதில் ஆறோ ஓடையோ வந்து பாய்கிறது. நான்காவதில் மழை பெய்கிறது. தோட்டக்காரனுக்கு வேலையே இல்லை, எல்லாம் கடவுள் செயல். இறையியலில் மிகக் கடினமான ஒரு பொருளை வயற்காட்டுப் பெண்ணுக்கும் புரியும்படி சொல்லிவிட்டாரல்லவா? செபம் வறண்டு போகும் நாட்களில் வாளியைக் கீழே போட்டுவிடக் கூடாது என்பதும் அவர் போதனை.

அவர் வாழ்ந்த மடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கன்னியர் இருந்தனர். செல்வர் வீட்டுப் பெண்களுக்குத் தனி அறைகள். ஏழைகளுக்குப் பொது அறை. இது அவர் மனத்தை உறுத்தியது. எல்லாரும் சமமாய், எளிமையாய், கைத்தொழில் செய்து செபத்தில் வாழும் சிறு மடம் ஒன்றை 1562 ஆகஸ்டு 24-ஆம் நாள் புனித சூசையப்பர் பெயரால் அவிலாவில் நிறுவினார். முதலில் சேர்ந்தவர்கள் நால்வர்தான். வருமானம் இல்லாத மடத்தை யார் காப்பது என்று நகரமே கொதித்தது, வழக்குத் தொடர்ந்தனர். அவர் அசையவில்லை. 1567 முதல் கோவேறு கழுதை பூட்டிய மூடுவண்டியில் வெயிலும் வெள்ளமும் பாராமல் ஊர் ஊராகச் சென்றார். இறப்பதற்குள் அவர் கண்ட மடங்கள் மொத்தம் பதினேழு. இளங்குருவாயிருந்த சிலுவை அருளப்பரும் அவரோடு சேர்ந்தார். ஆண்களின் மடத்திலும் சீர்திருத்தம் பரவியது. பேச்சில் அவரை வெல்ல முடியாது. தம் உருவத்தை வரைந்த துறவியிடம், என்னை அசிங்கமாக வரைந்துவிட்டீரே என்று சிரித்துக்கொண்டே குறைபட்டதாகச் சொல்வார்கள்.

எதிரிகளும் பெருகினர். பெண்ணொருத்தி ஞானம் போதிப்பதா என்று பலர் முகம் சுளித்தனர். அவருக்கு வேறோர் ஆபத்தும் இருந்தது. அவருடைய பாட்டனார் யூதக் குலத்திலிருந்து கிறிஸ்தவரானவர். 1485-இல் தொலேதோ நகரில் மத விசாரணை மன்றத்தின் தண்டனைக்கு உள்ளானவர். (இச்செய்தி 20-ஆம் நூற்றாண்டில்தான் பழைய ஆவணங்களிலிருந்து வெளியுலகுக்குத் தெரிந்தது.) அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண் எழுதிய நூலைப் பற்றி 1575-இல் எபோலி இளவரசி அதே மன்றத்தில் புகார் செய்தார். கையெழுத்துப் பிரதியை மன்றம் எடுத்துக்கொண்டது. தொமிங்கோ பாஞ்ஞேஸ் என்ற இறையியல் பேராசிரியர் பரிசோதித்துக் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தும், தெரேசம்மாள் உயிரோடிருக்கும் வரை அது அவர் கைக்குத் திரும்பவில்லை.

அது இல்லாவிட்டால் என்ன, இன்னொன்று எழுதுங்கள் என்று அவருடைய மேலாளரான கிராசியான் சுவாமி சொன்னார். அப்போது 62 வயது; தலைக்குள் ஓயாத இரைச்சல் வேறு. 1577 ஜூன் 2-ஆம் நாள் தொலேதோ மடத்தில் எழுதத் தொடங்கினார். நடுவே பல மாதங்கள் எழுத முடியவில்லை. நவம்பர் 29-இல் அவிலாவில் முடித்தார். இதுவே 'உள்ளக் கோட்டை' என்ற நூல். மனித ஆன்மா பளிங்காலான ஒரு கோட்டை. அதற்குள்ளே ஏழு உறைவிடங்கள். நடுவில் அரசராகிய ஆண்டவர். கோட்டை நம்முடையதாயிருந்தும் நாம் வெளி முற்றத்திலேயே நின்றுவிடுகிறோம் என்கிறார். ஏழாம் உறைவிடத்தை அடைந்தவர் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவதில்லை. அங்கே மார்த்தாளும் மரியாளும் சேர்ந்தே ஆண்டவருக்குப் பணி செய்ய வேண்டும் என்று முடிக்கிறார். பறிபோன நூலுக்குப் பதிலாக எழுதியதே அவருடைய தலைசிறந்த நூலானது.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே சிலுவை அருளப்பரைச் சீர்திருத்தத்துக்கு எதிரான துறவியர் பிடித்துச் சென்று சிறை வைத்தனர். ஒன்பது மாதங்களுக்குப் பின் அவர் தப்பி வந்தார். 1580-இல்தான் பாப்பரசர் சீர்திருத்த மடங்களைத் தனி மாநிலமாக அமைத்துக் கொடுத்தார்.

தெரேசம்மாள் 1582 அக்டோபர் 4-ஆம் நாள் இரவு ஆல்பா தெ தோர்மெஸ் என்னும் ஊரில் உயிர் நீத்தார். அடுத்த நாள் அக்டோபர் 15! கிரகோரியார் நாள்காட்டி அன்றுதான் நடைமுறைக்கு வந்ததால் பத்து நாட்கள் கழிக்கப்பட்டன. அவருடைய திருநாள் 15-ஆம் தேதி வருவது இதனால்தான். 1588-இல் அவருடைய நூல்கள் சலமாங்காவில் அச்சாயின. 1622 மார்ச் 12-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து போதித்த புனித சவேரியாருடன் ஒரே நாளில் புனிதராக உயர்த்தப்பட்டார். ஆனால் மறைவல்லுநர் என்னும் பட்டத்துக்குப் பெண் என்பதே நெடுங்காலம் தடையாயிருந்தது. 1970 செப்டம்பர் 27-ஆம் நாள் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அந்தப் பட்டத்தை அவருக்கு அளித்தார். பெண்களில் அதைப் பெற்ற முதல்வர் அவரே. ஒரு வாரத்தில் சியன்னா கத்தரீனம்மாளும் அதைப் பெற்றார்.

மத விசாரணை மன்றம் பிடித்து வைத்திருந்த அந்தக் கையெழுத்துப் பிரதி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இரண்டாம் பிலிப் மன்னர் அதைத் தம் எஸ்கோரியல் நூலகத்துக்குப் பெற்றுக்கொண்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.