சுவரில் கணக்குப் பார்த்த சிறுமி

ரஷியாவில் பாலிபினோ என்ற கிராமம். அங்கே பீரங்கிப் படைத் தளபதி ஒருவரின் மாளிகை இருந்தது.

வீடு முழுவதும் சுவர்களில் பூப்போட்ட காகிதம் ஒட்டினார்கள். குழந்தைகள் அறைக்கு வந்தபோது காகிதம் தீர்ந்து விட்டது. ஓர் அறைக்காகப் பட்டணத்துக்கு ஆள் அனுப்புவதா? வீட்டில் கிடந்த பழைய தாள்களை ஒட்டி விட்டார்கள்.

அவை என்ன தெரியுமா? தளபதி இளமையில் படித்த உயர்தரக் கணிதப் பாடங்கள்!

அந்த அறையில் வளர்ந்தவர்தான் கணித மேதை சோபியா கோவலெவ்ஸ்கயா. அவர் பிறந்தது 1850-ம் ஆண்டு.

சிறுமி சோபியா அந்தச் சுவர் முன் மணிக்கணக்கில் நிற்பாள். ஒன்றும் புரியாது. ஆனாலும் எழுத்துகள் மனதில் பதிந்து விட்டன.

தந்தையின் தடை

படித்த பெண்கள் என்றாலே தந்தைக்குப் பிடிக்காது. மகளின் கணக்குப் பாடத்தை நிறுத்தினார். சோபியா விடவில்லை. அல்ஜீப்ரா புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்து, இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு படித்தாள்.

அண்டையில் திர்தோவ் என்ற பேராசிரியர் இருந்தார். தாம் எழுதிய பௌதிகப் புத்தகத்தை அந்த வீட்டுக்குக் கொடுத்தார். அதில், சோபியா படித்திராத கோணக் கணக்கு வந்தது. யாரைக் கேட்பது? தானே யோசித்து வழி கண்டாள்.

பேராசிரியர் முதலில் நம்பவில்லை. அவள் விளக்கியதும் அசந்து போனார். தளபதியிடம் சென்று, மகளைப் படிக்க வைக்கும்படி வற்புறுத்தினார். தந்தை இணங்குவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. அந்தப் பெரியவர் நமக்கென்ன என்று இருந்திருந்தால்?

பெயருக்குக் கலியாணம்

அப்போது ரஷியப் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடமில்லை. வெளிநாடு போகத் தந்தை அல்லது கணவரின் அனுமதி வேண்டும். ஆகவே 1868-ல் விளாதிமிர் என்ற இளைஞரைப் பெயருக்கு மணந்து ஜெர்மனி சென்றார்.

பெர்லின் பல்கலைக்கழகமும் கதவைத் திறக்கவில்லை. வயர்ஸ்ட்ராஸ் என்ற கணிதப் பேராசிரியர், 4 ஆண்டுகள் தனியாகப் பாடம் சொன்னார். 1874-ல் கட்டிங்கன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது.

பட்டத்தோடு தாய்நாடு திரும்பினார். கிடைக்கக்கூடிய வேலை என்ன? சிறு பெண்களுக்குக் கூட்டல், கழித்தல் சொல்லித் தருவது!

காலப்போக்கில் பெயரளவு கலியாணம் உண்மைக் குடும்பமாயிற்று. ஒரு பெண் குழந்தை பிறந்தது. 1883-ல் கணவர் இறந்தார். மறு ஆண்டு சுவீடனில் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் ஆசிரியையானார்.

பம்பரத்தின் கணக்கு

பம்பரம் சாய்ந்து சாய்ந்து சுற்றுகிறதல்லவா? அப்படிச் சுற்றும் பொருளின் போக்கைக் கணக்கில் சொல்வது மிகக் கடினம். மேதைகள் இருவர் இரண்டு வகைகளுக்கு விடை கண்டிருந்தார்கள். மூன்றாவதைச் சோபியா கண்டார்.

1888-ல் பாரீஸ் விஞ்ஞானக் கழகம் வைத்த போட்டிக்கு அதை அனுப்பினார். எழுதியவர் பெயர் நீதிபதிகளுக்குத் தெரியாது. கட்டுரையின் சிறப்பைக் கண்டு, பரிசை 3,000 பிராங்கிலிருந்து 5,000 ஆக உயர்த்தினார்கள். உறையைத் திறந்தால், பெண்ணின் பெயர்!

1889-ல் ரஷிய விஞ்ஞானக் கழகம் விதியை மாற்றி அவரை உறுப்பினராக்கியது. வேலை மட்டும் தரவில்லை.

1891 பிப்ரவரியில் நிமோனியா கண்டு ஸ்டாக்ஹோமில் காலமானார். வயது 41. மகளுக்கு 12.