ஒருமுறை படித்துத் தலைகீழாக ஒப்பித்தவர்: கண்ணைக் கட்டி க்யூப் சேர்ப்பவர்களுக்கும் மத்தேயோ ரிச்சிக்கும் என்ன தொடர்பு?

1595-ஆம் ஆண்டு. சீனாவின் நான்சாங் நகரில் ஒரு விருந்து. வந்திருந்தவர்களில் பலர் அரசுத் தேர்வில் தேறிப் பட்டம் பெற்றவர்கள். அவர்களுக்கு நடுவில் நீளத் தாடி வைத்த ஓர் இத்தாலியர். தோன்றிய சீன எழுத்துகளையெல்லாம் எந்த வரிசையும் இல்லாமல் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தார்கள். ஒரே ஒருமுறை வாசித்தார். தாளைப் பார்க்காமல் முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தார். அதோடு விடவில்லை. கடைசி எழுத்தில் தொடங்கி முதல் எழுத்துவரை தலைகீழாகவும் ஒப்பித்தார்.

கூட்டம் அசந்துபோனது. பலர் அந்த வித்தையைத் தங்களுக்கும் கற்றுத்தரச் சொல்லி அவர் பின்னால் வர ஆரம்பித்தார்கள்.

அவர்தான் மத்தேயோ ரிச்சி. இதே மாதிரி 400, 500 எழுத்துகள் வரை தன்னால் சொல்ல முடியும் என்று ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் தெரிவித்திருக்கிறார். இது மந்திரமும் இல்லை, பிறவி வரமும் இல்லை. ரோமில் மாணவராக இருந்தபோது கற்றுக்கொண்ட ஒரு உத்தி. இன்றைக்கு ரூபிக்ஸ் க்யூபைக் கண்ணைக் கட்டிக்கிட்டு சேர்க்கிறார்களே, அவர்களில் பலர் பயன்படுத்துவதும் கிட்டத்தட்ட அதே உத்திதான்.

யார் இந்த ரிச்சி?

இத்தாலியின் மச்செராட்டா என்ற ஊரில் 1552 அக்டோபர் 6-ஆம் தேதி பிறந்தவர். அப்பா மருந்து வணிகர். மகன் வக்கீல் ஆகணும் என்று 1568-இல் ரோமுக்குப் படிக்க அனுப்பினார். ஆனால், மகன் 1571-இல் இயேசு சபையில் சேர்ந்துவிட்டார். அங்கே கிறிஸ்டோஃபர் கிளாவியஸ் என்ற புகழ்பெற்ற கணித அறிஞரிடம் கணிதமும் வானியலும் படித்தார். பேச்சுக்கலைப் பாடத்தின் ஒரு பகுதியாக நினைவுக்கலையையும் கற்றார்.

1578-இல் லிஸ்பனிலிருந்து கப்பல் ஏறி கோவா வந்து இறங்கினார். கோவாவிலும் கொச்சியிலும் சுமார் நான்கு ஆண்டுகள் இருந்தார். 1580-இல் குருப்பட்டம் பெற்றதும் கொச்சியில்தான். 1582-இல் மக்காவ் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு சீனாவுக்குள் நுழைந்தார்.

கிறிஸ்தவத்தைச் சீனாவில் கொண்டுசேர்ப்பதுதான் நோக்கம். ஆனால், நிலைமை அவ்வளவு சுலபமாக இல்லை. முதலில் தங்கிய ஜாவோச்சிங் நகரிலிருந்து 1589-இல் வெளியேற்றப்பட்டார். அடுத்து போன ஷாவோஜோவில் 1592-இல் ஒரு கும்பல் இரவில் வீடு புகுந்து தாக்கியது. ஜன்னல் வழியாகக் குதித்ததில் கால் அடிபட்டது. அதன் பிறகு அவர் நொண்டித்தான் நடந்தார். கூட இருந்த சகாக்கள் இருவர் அடுத்தடுத்து நோயில் இறந்தார்கள். 1595-இல் ஆற்றில் படகு கவிழ்ந்து உடன் வந்த இளைஞர் மூழ்கிப் போனார். நீச்சல் தெரியாத ரிச்சி மயிரிழையில் தப்பினார்.

இத்தனைக்கும் பிறகு நான்சாங் வந்தவருக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. சீனாவில் மதிப்பு வேண்டுமென்றால் படித்தவர்களின் மதிப்பைப் பெற வேண்டும். அதற்கு அவர் கையில் இருந்த துருப்புச்சீட்டுகளில் ஒன்று, அந்த நினைவாற்றல்.

நினைவு மாளிகை என்றால் என்ன?

இந்த உத்தி பண்டைய கிரேக்கத்திலிருந்து வருவது. அடிப்படை ரொம்ப எளிது. சொற்களும் எண்களும் மனசில் நிற்காது. ஆனால், இடங்களும் படங்களும் நிற்கும். உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவீர்கள். அதையே அலமாரியாகப் பயன்படுத்துவதுதான் நினைவு மாளிகை. மனசுக்குள் ஒரு கட்டடம். அதன் ஒவ்வொரு மூலையிலும் ஒரு படம். தேவைப்படும்போது உள்ளே நடந்துபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தால் போதும். பின்னோக்கி நடந்தால் தலைகீழாகவும் சொல்லலாம். விருந்தில் ரிச்சி செய்தது இதைத்தான்.

1596-இல் இந்த உத்தியைப் பற்றிச் சீன மொழியிலேயே ஒரு சிறு நூல் எழுதினார். அதில் நான்கு உதாரணங்கள் தருகிறார்.

போர் என்பதற்கான சீன எழுத்தை இரண்டாகப் பிரித்தால் ஈட்டி, நிறுத்து என்ற இரண்டு பகுதிகள் கிடைக்கும். அதை ரிச்சி ஒரு காட்சியாக்கினார். ஒரு வீரன் ஆயுதத்தை ஓங்குகிறான். இன்னொரு வீரன் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தடுக்கிறான். இந்தப் படத்துக்கு மண்டபத்தின் தென்கிழக்கு மூலை. தேவை என்ற பொருள் தரும் எழுத்தில் மேற்கு, பெண் என்ற இரண்டு பகுதிகள் தெரியும். அதற்கு மேற்கு எல்லைப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண், வடகிழக்கு மூலை. லாபம் என்ற எழுத்தில் தானியமும் கத்தியும் உண்டு. அது அரிவாளோடு அறுவடைக்கு நிற்கும் விவசாயி, வடமேற்கு மூலை. நல்லது என்ற எழுத்தில் பெண்ணும் குழந்தையும் உண்டு. குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் பணிப்பெண், தென்மேற்கு மூலை.

கவனியுங்கள். ஒவ்வொரு எழுத்தையும் உடைத்து, துண்டுகளைச் சேர்த்து ஒரு காட்சி, அந்தக் காட்சிக்கு ஓர் இடம். உத்தி மொத்தமும் இவ்வளவுதான்.

க்யூபில் இது எப்படி வேலை செய்கிறது?

கண்ணைக் கட்டி க்யூப் சேர்ப்பவர், கலைத்துப்போட்ட க்யூபைப் பார்த்து மனப்பாடம் செய்த பிறகுதான் கண்ணைக் கட்டிக்கொள்வார். போட்டியில் மனப்பாடம் செய்யும் நேரமும் கணக்கில் சேரும்.

மனப்பாடம் செய்வது நிறங்களை அல்ல. க்யூபில் 12 விளிம்புத் துண்டுகளும் 8 மூலைத் துண்டுகளும் இருக்கின்றன. விளிம்புகளில் மொத்தம் 24 ஸ்டிக்கர், மூலைகளிலும் 24. ஒவ்வொன்றுக்கும் ஏ முதல் எக்ஸ் வரை ஓர் ஆங்கில எழுத்து. ஏதாவது ஓர் இடத்தைத் தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். அங்கே இப்போது இருக்கும் துண்டு உண்மையில் எந்த இடத்துக்குப் போகணும்? அது முதல் எழுத்து. அந்த இடத்தில் இருக்கும் துண்டு எங்கே போகணும்? அது இரண்டாவது எழுத்து. இப்படியே போனால் ஒரு க்யூப் சுமார் 20 எழுத்துகளாகச் சுருங்கிவிடும்.

அடுத்து அவற்றை இரண்டிரண்டாகச் சேர்க்கிறார்கள். எம், பி வந்தால் ஒரு எம்.பி. ஏ, சி வந்தால் ஏசி. டி, வி வந்தால் டிவி. ஓர் எம்.பி. ஏசியைத் தலையில் தூக்கிவந்து டிவி மேல் போடுகிறார் என்று கற்பனை செய்தால் ஆறு எழுத்துகள் முடிந்தன. காட்சி எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரே ஒரு க்யூப் என்றால் சின்னக் கதையே போதும். சிலர் சில எழுத்துகளைச் சத்தமாக மட்டும் மனசில் ஓட்டிக்கொள்வதும் உண்டு.

பல க்யூப்களை வரிசையாகச் சேர்க்கும் போட்டியில்தான் மாளிகை தேவைப்படும். 2022-இல் அமெரிக்காவின் கிரஹாம் சிக்கின்ஸ் 65 க்யூப்களைப் பார்த்து, கண்ணைக் கட்டிக்கொண்டு, அவற்றில் 62-ஐச் சரியாகச் சேர்த்தார். மனப்பாடம் உட்பட எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். ஒரு க்யூபுக்கு 20 எழுத்து என்று வைத்தால் சுமார் 1,300 எழுத்துகள்!

ஆளுநர் வீட்டில் எடுபடாத உத்தி

இவ்வளவு சக்தி வாய்ந்த உத்தியென்றால், அந்தக் காலச் சீனாவின் தேர்வு எழுதுபவர்கள் அதைக் கொண்டாடியிருக்க வேண்டுமே? அங்கேதான் ரிச்சியின் கணக்கு தப்பியது.

சீன அரசுப் பணித் தேர்வு உலகின் கடினமான தேர்வுகளில் ஒன்று. பழைய நூல்களை ஏறக்குறைய 4 லட்சம் எழுத்துகள் வரை மனப்பாடம் செய்ய வேண்டும். தேறினால் குடும்பத்தின் தலையெழுத்தே மாறும். ரிச்சி நினைவு நூலை எழுதியதே ஜியாங்சி மாகாண ஆளுநர் லு வான்காய்க்காகத்தான். அவருடைய மூன்று மகன்கள் அந்தத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். உத்தியைக் கண்டு அசரும் அறிஞர்கள், அதைக் கொண்டுவந்தவரின் மதத்தையும் காதுகொடுத்துக் கேட்பார்கள் என்பது ரிச்சியின் நம்பிக்கை.

மூத்த மகன் நூலைக் கவனமாகப் படித்தார். அவர் சொன்ன முடிவின் சாரம் இது: விதிகள் எல்லாம் சரிதான், ஆனால் அவற்றைப் பயன்படுத்துவதற்கே ரொம்ப நல்ல நினைவாற்றல் வேண்டும். ரிச்சியே இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆளுநரின் மகன்கள் பின்னர் தேர்வில் நன்றாகவே தேறினார்கள். அதற்கு உதவியது திரும்பத் திரும்பச் சத்தமாகச் சொல்லிப் படிக்கும் பழைய சீன முறைதான் என்று தெரிகிறது.

ஏன் எடுபடவில்லை?

இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, மாளிகை சும்மா கிடைக்காது. கண்ணைக் கட்டி க்யூப் சேர்க்கும் முன்னணி வீரர்கள், எந்த இரண்டு எழுத்து வந்தாலும் உடனே படம் தோன்றும்படி சுமார் 500 ஜோடிகளுக்கு முன்கூட்டியே படம் தயாரித்து வைத்திருப்பார்கள். பல மாதப் பயிற்சி அது. ரிச்சியும் இளமையிலிருந்தே பழகியவர். பார்ப்பவர்களுக்கு விருந்தில் நடந்த சில நிமிடங்கள் மட்டும்தான் தெரிந்தன. பின்னால் இருந்த ஆண்டுகள் தெரியவில்லை.

இரண்டாவது இன்னும் முக்கியம். விருந்தில் எழுதிக் கொடுத்தது அர்த்தமே இல்லாத பட்டியல். கலைத்துப்போட்ட க்யூபும் அப்படித்தான். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒருமுறை நினைவில் வைத்தால் போதும், பிறகு மறந்துவிடலாம். இதற்கு மாளிகை கச்சிதமாகப் பொருந்தும். ஆனால், தேர்வுக்கான நூல்களில் ஒரு வரி அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வரும். ஓசையும் பொருளும் துணைக்கு இருக்கும். பல ஆண்டுகள் மனசில் தங்கணும். அதை வைத்துக் கட்டுரையும் எழுதணும். அங்கே ஒவ்வொரு எழுத்தையும் உடைத்துப் படமாக்குவது இரட்டை வேலை.

பிறகு ரிச்சி என்ன ஆனார்?

1601 ஜனவரியில் பெய்ஜிங்குக்குள் நுழைந்தார். பேரரசர் வான்லிக்கு அவர் கொடுத்த பரிசுகளில் அடிக்கும் கடிகாரங்கள் பேரரசருக்கு ரொம்பப் பிடித்துப்போயின. அவற்றைப் பராமரிக்க ஆள் வேண்டுமே! தலைநகரில் தங்க அனுமதி கிடைத்தது. பேரரசரை ரிச்சி நேரில் சந்திக்கவே இல்லை.

1602-இல் சீன மொழியில் பெரிய உலக வரைபடம் வெளியிட்டார். ஷூ குவாங்சி என்ற அறிஞருடன் சேர்ந்து யூக்ளிடின் வடிவியல் நூலின் முதல் ஆறு பாகங்களை மொழிபெயர்த்து 1607-இல் வெளியிட்டார். வடிவியலுக்கு அதில் அவர்கள் பயன்படுத்திய சொல் ஜிஹே. சீன மாணவர்கள் இன்றும் வடிவியலை அப்படித்தான் சொல்கிறார்கள்.

1610 மே 11-ஆம் தேதி, 57 வயதில் பெய்ஜிங்கில் இறந்தார். வெளிநாட்டவரான அவரை அடக்கம் செய்யப் பேரரசரே நிலம் ஒதுக்கினார். அந்தக் கல்லறை இப்போதும் பெய்ஜிங்கில் இருக்கிறது.

அவருக்குக் கதவைத் திறந்துவிட்டவை கடிகாரமும் வரைபடமும் கணிதமும். பெரிதாக நம்பிய நினைவு நூல், ஆளுநர் வீட்டில் பயனில்லாமல் போனது. சுமார் நான்கு நூற்றாண்டுகள் கழித்து, 1974-இல் ஹங்கேரியில் எர்னோ ரூபிக் உருவாக்கிய ஒரு விளையாட்டுப் பொருள், அந்தப் பழைய மாளிகைக்குப் பொருத்தமான வேலையைக் கொடுத்தது. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மட்டும் மூத்த மகன் சொன்னது இப்போதும் பொருந்தும்: எந்த உத்தி என்று தேடுவதற்கு முன், நினைவில் வைக்க வேண்டியது பாடமா, பட்டியலா என்று பார்த்துக்கொள்வது நல்லது.